பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவில்: மாணவர் ஐக்கியம் நடத்தப் புதிதாக வருகிறவர்களுக்கு

கிறிஸ்தவ மாணவர்கள் கூடிப் பாடி ஜெபிக்கும் மாணவர் ஐக்கியத்தில் ஆராதனை நடத்தும் பொறுப்பு முதன்முறையாக உங்கள் கைக்கு வந்திருந்தால், இரண்டாவது வாரமே ஒன்று கண்ணில் படும். முதல் பாட்டை எல்லோரும் பாடுவார்கள். இரண்டாவது பாட்டில் கடைசி வரிசை தளரும். ஜெபம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் யாரோ ஒருவர் மெல்லக் கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அது உங்களுக்குத் தெரிந்துவிடும். ஏனென்றால் அப்போது உங்கள் கண்ணும் திறந்துதான் இருக்கும்.

"பிள்ளைகளுக்குப் பக்தி போதாது" என்று முடிவு கட்டுவது சுலபம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். புதுச்சேரி நகரத்துக்குள், ஓர் ஆலயத்தின் பின்புற மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் கல்லூரி மாணவர் குழு எங்களுடையது. மாணவனாக அதில் சேர்ந்து, பிறகு பொறுப்பாளராகி, இப்போது பழைய ஆள் என்ற உரிமையில் ஓரமாக உட்கார்ந்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் பக்திக் குறைவால் கூட்டம் சிதறிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மின்விசிறியால், பஸ்ஸால், எட்டாத சுருதியால், முடியாத ஜெபத்தால் சிதறிய நாள்களுக்குக் கணக்கில்லை. ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் விசிறி, பஸ், சுருதி பற்றியதுதான். ஆவிக்குரிய காரியங்களைச் சொல்லித்தர உங்கள் போதகரோ பங்குத்தந்தையோ இருக்கிறார்.

முதலில் என் தவறு

பொறுப்பேற்ற முதல் ஆண்டு, மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் இரண்டு பேர் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினேன். கீபோர்டு நின்றது. "பின்னால் பேசுகிறவர்கள் வெளியே போய்ப் பேசி முடித்துவிட்டு வரலாம்" என்றேன். நாற்பது தலைகளும் திரும்பின. ஒருவன் எழுந்து நின்றான். "அண்ணா, இவன் ஏனாமிலிருந்து வந்திருக்கிறான். தமிழ் படிக்க வராது. வரியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

ஏனாம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது; ஆனால் ஆந்திரத்துக்குள் இருக்கிறது, பேசுவது தெலுங்கு. மாஹே கேரளத்துக்குள் இருக்கிறது, அங்கே மலையாளம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் படிக்க இங்கே வருவது எனக்குத் தெரியாத செய்தியல்ல. அப்படியிருந்தும், அந்த மண்டபத்தில் அன்று பாட்டின் மேல் மற்ற எவரையும்விட அதிகக் கவனம் வைத்திருந்த இரண்டு பேரைத்தான் எழுப்பி நிறுத்தினேன். மற்றவர்களின் கவனத்தைக் கலைத்தது அவர்களுடைய குசுகுசுப்பு அல்ல, என்னுடைய கண்டிப்பு. அதற்குப் பிறகு பாட்டு எடுபடவில்லை. அந்த ஏனாம் தம்பி அடுத்த மூன்று வாரம் வரவும் இல்லை.

கடைசி வரிசையில் உட்காருங்கள்

பொறுப்பு வந்ததும் எதையும் மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் பாட்டு நடத்தும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு சின்ன நோட்டோடு கடைசி வரிசையில் உட்காருங்கள். முன்னால் நிற்கிறவருக்குத் தெரியாத பல விஷயங்கள் அங்கே தெரியும். பாட்டுப் புத்தகத்தின் எழுத்து அந்த மூலையில் வாசிக்கும்படி இருக்கிறதா? பேசுகிறவரின் குரல் விசிறிக்கு மேல் கேட்கிறதா? தாமதமாக வருகிறவர் எந்த வாசல் வழியாக நுழைகிறார், எத்தனை தலைகள் அவர் பக்கம் திரும்புகின்றன? இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் எவ்வளவு நேரம் ஒன்றுமே நடக்காமல் கிடக்கிறது?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஒருமுறை எங்கள் கூட்டத்தின் பாட்டு வேளையைக் கைபேசியில் பதிவு செய்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய பாதி நேரம் பாட்டே இல்லை. "எந்தப் பாட்டு பாடலாம்?", "பக்கம் எத்தனை?", "கீபோர்டு ரெடியா?", "சத்தமாய் ஒரு ஆமென் சொல்லுங்கள்", "பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் புன்னகை செய்யுங்கள்" என்று போய்க்கொண்டே இருந்தது. கவனம் பாட்டுக்குள் சிதறுவதைவிட இந்த இடைவெளிகளில்தான் அதிகம் ஒழுகுகிறது. புன்னகை செய்யச் சொல்வதை உடனே நிறுத்தினோம். இதுவரை யாரும் அதைத் தேடவில்லை.

இடத்தைச் சரிசெய்வது

கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். எல்லா விசிறிகளையும் போட்டுப் பாருங்கள். எது "கடக் கடக்" என்று அடிக்கிறதோ, அதற்குக் கீழே யாரையும் உட்காரவைக்காதீர்கள், அல்லது அதை அணைத்துவிடுங்கள். கடலோர ஊர்க் காற்றில் மே மாத மாலையில் விசிறி இல்லாமல் யாராலும் ஜெபிக்க முடியாது. அதேசமயம் அது போடும் சத்தத்தில் வசனம் கேட்காது. பேசும்போது வேகத்தைக் குறைத்து, பாடும்போது கூட்டுவது எங்கள் வழக்கம். ரெகுலேட்டர் பக்கத்தில் ஒரு தம்பிக்கு இதுவே நிரந்தர ஊழியம்.

உட்காரும் வரிசையை அரைவட்டமாகப் போடுங்கள். நேர் வரிசையில் ஒருவருக்கு முன்னால் தெரிவது இன்னொருவரின் பின்னந்தலை மட்டுமே. அரைவட்டத்தில் பாடுகிற முகங்கள் தெரியும். பாடுகிற முகத்தைப் பார்த்தால் பாடத் தோன்றும். வாசல் கூட்டத்துக்குப் பின்பக்கம் இருக்கட்டும். நடத்துகிறவருக்குப் பின்னால் வாசல் இருந்தால், தாமதமாக வரும் ஒவ்வொருவரும் மேடையில் நுழைகிற நடிகர் மாதிரிதான். வாசலருகே நான்கு இடங்களைக் காலியாகவே விட்டுவையுங்கள்.

மைக் வேண்டுமா? நாற்பது, ஐம்பது பேருக்குச் சின்ன மண்டபத்தில் பெரும்பாலும் வேண்டாம். மைக் இருந்தால் பாடுகிறவர்கள் குரலை அடக்கிக்கொண்டு கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கட்டாயம் வேண்டுமென்றால் ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் ஒலி திரும்ப மைக்குக்குள் புகுந்தால்தான் அந்த ஊளைச் சத்தம் வரும். அந்த ஊளை ஒருமுறை கேட்டால் ஐந்து நிமிட ஜெபம் போயிற்று.

தகரக் கூரை மண்டபமாக இருந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். மழை கொட்டும்போது பிரசங்கம் செய்யாதீர்கள், அது வீண். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளைப் பாடுங்கள். மழை நின்றதும் பிரசங்கம். மின்சாரம் போனாலும் இதேதான். பக்கத்துத் தெருவில் ஆடி மாதத்துக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த நேரத்துக்குப் பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். நம் மழைக்கால நள்ளிரவு ஜெபத்தையும் கிறிஸ்துமஸ் கீத பவனியையும் அவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பஸ்ஸை மறக்காதீர்கள்

எங்கள் குழுவில் பாகூர், நெட்டப்பாக்கம், திருக்கனூர் பக்கத்துப் பிள்ளைகள் உண்டு. கடலூர் பஸ் ஏறிக் கன்னியக்கோயிலிலும் ரெட்டிச்சாவடியிலும் இறங்குகிறவர்கள் உண்டு. கடலூருக்கே போகிறவர்களுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை மாலை சுற்றுலாக் கூட்டம் வேறு. மரப்பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வீட்டில் அம்மா காத்திருக்கும் பெண்பிள்ளை, பஸ் போய்விடுமோ என்ற கவலையோடு கடைசி ஜெபத்தில் கண்ணை மூடுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆகவே முடியும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தொடங்கும் நேரம் தானாக வரும். எங்களுக்கு 6 மணிக்கு முடிய வேண்டும். அதனால் 4.45-க்குத் தொடக்கம். நாற்பது பேரில் பன்னிரண்டு பேர்தான் வந்திருந்தாலும் 4.45-க்குத் தொடங்கிவிடுவோம். நேரத்துக்கு வந்தவர்களைக் காத்திருக்க வைத்துத் தாமதமாக வருகிறவர்களுக்கு மரியாதை செய்வது தலைகீழ் நியாயம். "இன்னும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவோம்" என்ற வாக்கியத்தை ஒருபோதும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் பாதிப்பேர் மனத்தளவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்கள்.

செமஸ்டர் தேர்வு நெருங்கும் வாரங்களில் கூட்டத்தை முக்கால் மணி நேரமாகச் சுருக்குங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், நன்றிதான் சொல்வார்கள்.

பாட்டு

புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே நாளில் மூன்று புதுப் பாட்டு. தெரியாத பாட்டைக் கேட்கும்போது பிள்ளைகள் ரசிகர்களாகிவிடுகிறார்கள்; ஆராதிக்கிறவர்களாக இருப்பதில்லை. மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு போதும். அதையும் கூட்டம் தொடங்கும் முன்னால் ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், ஆராதனைக்கு நடுவில் வகுப்பு நடத்தாதீர்கள்.

சுருதி அடுத்தது. பாட்டு நடத்துகிற அண்ணனுக்கு எட்டுகிற உயரம் எல்லோருக்கும் எட்டாது. பாட்டின் உச்ச இடத்தில் பாதிப்பேர் வாயை மூடிக்கொண்டால் அது மனக்கடினம் இல்லை, தொண்டை எட்டவில்லை என்று பொருள். கீபோர்டில் சுருதியைக் குறைக்கும் பொத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவே பாடிப் பார்த்து, எந்தச் சுருதி என்பதைப் பாட்டுத் தாளின் மூலையில் எழுதிவையுங்கள். மேடையில் நின்றபடி இரண்டு முறை சுருதி மாற்றினால் கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்க ஒரு பாட்டு ஆகும்.

பழைய கீர்த்தனைகளைத் தள்ளிவிடாதீர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவர்கள் கர்நாடக ராகங்களில் கீர்த்தனை பாடி வருகிறார்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அந்த அமைப்பே கவனத்தைப் பிடித்துவைக்கத் தோதானது: சரணத்தை ஒருவர் பாட, எல்லோரும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். திரும்ப வேண்டும் என்று தெரிந்தவன் தூங்க மாட்டான். ஆனால் ஆறு சரணமும் பாட வேண்டும் என்று சட்டமில்லை. "பல்லவி, முதல் சரணம், மூன்றாம் சரணம்" என்று தாளிலேயே குறித்துவிட்டால் போதும்.

பாட்டுகளை வரிசையாக ஒரே தாளில் அச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். இது பழைய முறைதான். ஆனாலும் பக்கம் தேடும் சத்தம், "எத்தனாவது பாட்டு?" என்ற கேள்வி, கைபேசியில் வரி தேடும் குனிந்த தலை, மூன்றும் ஒரே தாளில் தீர்ந்துவிடும். அதே தாளின் பின்பக்கத்தில் பாட்டின் வரிகளைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டோம். அந்த ஏனாம் தம்பிக்கு வரி சொல்லிக்கொடுத்த நண்பன்தான் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொடுத்தான். நான்காவது வாரம் இரண்டு பேரும் வந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அது எனக்கு வேண்டியதுதான்.

நான்கு சபைப் பிள்ளைகள், ஒரே மண்டபம்

புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் மாணவர் குழு என்றால் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், லுத்தரன் சபையார், பெந்தெகொஸ்தே சபையார் எல்லோரும் கலந்துதான் இருப்பார்கள். இது நம் குழுக்களின் அழகு. கவனம் சிதறும் இடமும் இதுவே. இதைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"சங்கீதம் 46-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறீர்கள். ஒரு கத்தோலிக்கப் பிள்ளை தன் கையிலுள்ள திருவிவிலியத்தின் பொருளடக்கத்தில் சங்கீதம் என்ற பெயரைத் தேடுகிறாள். அதில் அந்த நூலின் பெயர் திருப்பாடல்கள். நீங்கள் அப்போஸ்தலர் என்கிறீர்கள். அவளுக்கு அது திருத்தூதர் பணிகள். நீங்கள் பிரசங்கி என்கிறீர்கள். அவளுக்கு அது சபை உரையாளர். பக்க எண் சொல்வதும் உதவாது. கத்தோலிக்கத் திருமறையில் 73 நூல்கள், மற்றவர்கள் வைத்திருப்பதில் 66. அவள் தேடி முடிப்பதற்குள் வாசிப்பு முடிந்துவிடும். அடுத்த முறை தேடவே மாட்டாள். இதற்குத் தீர்வு அரை நொடிதான்: "சங்கீதம், திருப்பாடல்கள், 46" என்று இரண்டு பெயரையும் சொல்லுங்கள். பிறகு பத்து வரை மனத்துக்குள் எண்ணிவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.

சேர்ந்து வாசிப்பதும் இப்படித்தான் குழம்பும். ஒவ்வொருவரும் தத்தம் மொழிபெயர்ப்பிலிருந்து உரக்க வாசித்தால் மீன் சந்தைதான். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி 136-ஆம் சங்கீதம். அதில் 26 வசனங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். முன்பாதியை ஒருவர் வாசிக்க, "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று எல்லோரும் சொல்வோம். கையில் புத்தகமே தேவையில்லை. பத்தாவது முறை சொல்லும்போது குரல் மாறிவிடுகிறது. அதுவரை வாயசைத்தவனும் சொல்லத் தொடங்கிவிடுகிறான். கூட்டத் தொடக்கத்துக்கு 117-ஆம் சங்கீதம். சங்கீதங்களிலேயே சின்னது, இரண்டே வசனம். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கர்த்தருடைய ஜெபம் வரும்போது இன்னொரு விபத்து காத்திருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்றதோடு ஆமென் சொல்லி நிறுத்துவார்கள். மற்றவர்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார்கள். பாதி மண்டபம் திடுக்கிட்டு நிற்கும், மீதி மண்டபம் தொடரலாமா என்று தயங்கும். சிலர் சிரிப்பை அடக்குவார்கள். முன்கூட்டியே பேசி ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒரு முறை, அடுத்த வாரம் மறுமுறை என்று நாங்கள் மாற்றிச் சொல்கிறோம். எந்த வாரம் எது என்பது தாளில் இருக்கும். சிலுவை அடையாளம் போடுகிறவர்களுக்குத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மூச்சு இடம் விடுங்கள்.

கைதட்டிப் பாடிப் பழகியவனுக்கு அமைதி சோம்பலாகத் தெரியும். முழந்தாளில் நின்று பழகியவளுக்குக் கைதட்டல் கச்சேரியாகத் தெரியும். இருவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்வரை இருவருக்கும் ஆராதனை நடக்காது. பொறுப்பாளர் முதல் கூட்டத்திலேயே ஒருமுறை சொல்லிவிடலாம்: "நிற்கிறவர் நிற்கலாம், உட்காருகிறவர் உட்காரலாம், கையைத் தூக்குகிறவர் தூக்கலாம், சும்மா இருக்கிறவரை யாரும் இடிக்க வேண்டாம்." அதற்குமேல் அதைப் பற்றிப் பேச வேண்டாம். போதகரிடமும் பங்குத்தந்தையிடமும் நீங்களே நேரில் போய், இன்னின்னது நடக்கிறது என்று சொல்லிவைப்பது நல்லது. பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லி, வீட்டார் மூலம் அவர்களுக்குத் தெரிந்தால் ஒரு மாதம் வீணாகும்.

ஜெபம்

நீளமான ஜெபம்தான் மாணவர் கூட்டங்களின் பெரிய வியாதி. ஒருவர் தொடங்கி, உலக சமாதானத்திலிருந்து உள்ளூர்த் தண்ணீர்ப் பிரச்சினை வரை வந்து, மறுபடி உலகத்துக்குப் போவார். "தேவன் வானத்திலிருக்கிறார், நீ பூமியிலிருக்கிறாய், ஆதலால் உன் வார்த்தைகள் சுருக்கமாயிருப்பதாக" என்று பிரசங்கி 5:2 சொல்கிறது. இதைவிட நல்ல கூட்ட விதி எனக்குத் தெரியாது.

ஜெபக்குறிப்புகளைக் கூட்டம் தொடங்கும் முன்பே துண்டுத்தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். கூட்டத்தில் வாய்மொழியாகக் கேட்டால் ஒவ்வொரு குறிப்பும் ஒரு கதையாகிவிடும். அண்ணனின் வேலையில் தொடங்கி அத்தையின் முழங்கால் அறுவை சிகிச்சை வரை விவரமாக வரும். பிறகு குறிப்புக்கு ஒருவர், ஒருவருக்கு ஒரு நிமிடம். யார் எதற்காக ஜெபிப்பார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். "யாராவது ஒருவர் ஜெபிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் நாற்பது பேரும் தரையைப் பார்ப்பார்கள்.

மாதம் ஒருமுறை இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஜெபிக்க விடுங்கள். நாற்பது பேரில் ஒருவனாகத் தூங்கலாம், இரண்டு பேரில் ஒருவனாகத் தூங்க முடியாது. ஆனால் ஆண்களோடு ஆண்கள், பெண்களோடு பெண்கள் என்று பிரிப்பதே நம் ஊருக்குச் சரி. இல்லையென்றால் யாருக்கு யார் ஜோடி என்பதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும்.

தன் வாழ்வில் தேவன் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சிக்கும் இதே விதி: மூன்று நிமிடம், முன்கூட்டியே சொன்னவர் மட்டும்.

கைபேசி

வாசலில் கூடை வைத்துக் கைபேசிகளை வாங்கிப் பார்த்தோம். கூட்டம் முடிந்ததும் நாற்பது கறுப்புக் கைபேசிகளில் தன்னுடையது எது என்று தேடுவதில் கால் மணி நேரம் போயிற்று. ஒன்றின் திரை உடைந்து சண்டையாயிற்று. வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் என்ன செய்வது என்ற கவலை வேறு. கூடையை எடுத்துவிட்டோம்.

கைபேசியைப் பறிப்பதைவிட அதற்கு வேலை இல்லாமல் செய்துவிடுவதே மேல். பாட்டுத் தாளில் பாட்டும் வசனமும் இருந்தால் அதை எடுக்கக் காரணமே இல்லை. தொடக்கத்தில் ஒரே ஒருமுறை, உங்கள் கைபேசியை எல்லோருக்கும் தெரியும்படி அணைத்துப் பைக்குள் போடுங்கள். "அணைத்துவிடுங்கள்" என்று சொல்லக்கூட வேண்டாம். படம் எடுப்பதற்கு ஒரே ஒருவரை நியமியுங்கள், அதுவும் முதல் பாட்டில் மட்டும். ஜெபிக்கிறவர் முகத்தைப் படம் பிடிக்கும் வழக்கத்தை நான் அறவே வெறுக்கிறேன்.

அப்படியும் ஒருவன் தூங்கினால்?

தூங்கட்டும். நேற்றிரவு விடுதியில் ரெகார்டு நோட்டு எழுதியிருப்பான், அல்லது அதிகாலையில் பால் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போயிருப்பான். பவுலின் பிரசங்கத்திலேயே ஒருவன் தூங்கினான். அப்போஸ்தலருடைய நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் வரும் ஐத்திகு என்ற வாலிபன், ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். அந்த மேல்வீட்டில் அநேக விளக்குகள் வைத்திருந்தது என்று அதற்கு முந்தின வசனம் சொல்கிறது. நள்ளிரவு, நெடுநேரப் பிரசங்கம், விளக்குச் சூடு. யாருக்குத்தான் தூக்கம் வராது? பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். ஜன்னலில் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டதாக எழுதப்படவில்லை.

பேசிக்கொண்டே இருப்பவர்கள் இருந்தால் பெயர் சொல்லாதீர்கள், பாட்டை நிறுத்தாதீர்கள். பாடிக்கொண்டே மெல்ல நடந்துபோய் அவர்கள் பக்கத்தில் நின்று பாடுங்கள். பத்தில் ஒன்பது முறை அதுவே போதும். பத்தாவது முறைக்குக் கூட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையில் தனியாகக் கேளுங்கள்: "தம்பி, பின்னால் ஏதாவது சரியாகக் கேட்கவில்லையா?" பதில் பெரும்பாலும் உங்களுக்கு ஒரு வேலை வைக்கும். எழுந்து போகத் தவிக்கிறவனுக்கு உடனே ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: தாள் கொடுப்பது, விசிறி பார்ப்பது, தாமதமாக வருகிறவரை உட்காரவைப்பது. எங்கள் ரெகுலேட்டர் தம்பி அப்படி வந்தவன்தான்.

ஒருவர் தனியாக அழுதுகொண்டிருந்தால், அல்லது பல வாரமாகச் சோறு தூக்கம் இல்லாதவர்போல் தெரிந்தால், அது கவனக்குறைவு இல்லை. அதைக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாக அறிவிக்காதீர்கள். மூத்த அக்கா அல்லது அண்ணன் ஒருவர் தனியே பேசட்டும். தேவையென்றால் மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும்.

மௌனமும் மணியும்

கூட்டத்தின் கடைசி மூன்று நிமிடம் எங்களுக்கு மௌனம். தொடக்கத்தில் இது தோல்விதான். மூன்று நிமிட அமைதியில் இருமல், செருப்புச் சத்தம், யாரோ ஒருவரின் வயிற்றுச் சத்தம், பிறகு சிரிப்பு. எப்போது முடியும் என்று தெரியாததால் எல்லோரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கத்தோலிக்க ஆலயங்களில் மூவேளைச் செபத்துக்கு மணி அடிப்பது பழைய வழக்கம். பக்கத்து ஆலயத்தில் மாலை 6-க்கு மணி கேட்கும். மௌனத்தை 5.57-க்கு நகர்த்தினோம். "மணி அடிக்கும்வரை" என்று மட்டும் சொன்னோம். கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. காது முடிவைச் சொல்லிவிடும் என்று தெரிந்ததும் கண்கள் மூடிக்கொண்டன. மணி அடித்ததும் எழுந்து பஸ்ஸுக்குப் போகலாம். உங்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் மணி இல்லையென்றால், சின்னக் கைமணி ஒன்றை வாங்கி ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கட்டும். ஒரு நிமிடத்தில் தொடங்கி மாதத்துக்கு ஒரு நிமிடமாகக் கூட்டுங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ வேறு வெளியிடத்திலோ கூட்டம் வைக்கும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். வையுங்கள். ஆனால் அதை உல்லாசப் பயணமாக வையுங்கள். காற்றில் தாள் பறக்கும், அலைச் சத்தத்தில் குரல் கரையும், சுண்டல்காரர் வருவார், மாங்காய்க்காரர் வருவார். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு மாங்காய் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மனவருத்தம் வராது.

குறிப்பேடு

கூட்டம் முடிந்ததும், பாய் மடிக்கும் நேரத்தில், மூன்று வரி எழுதிவையுங்கள். எங்கே தளர்ந்தது, ஏன், அடுத்த வாரம் எதை மாற்றுவது. பெயர் எழுதாதீர்கள், அந்த நோட்டு எப்படியும் யார் கையிலாவது சிக்கும். பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது கீபோர்டு சாவியோடு இதையும் கொடுங்கள். எங்கள் நோட்டில் இந்த வருடப் பொறுப்பாளர் போன சனிக்கிழமை எழுதியது இவ்வளவுதான்: "இரண்டாவது பாட்டு சுருதி மேலே, ஒரு கட்டை குறைக்க. இடது ஓர விசிறி கடகடக்கிறது. தெலுங்குத் தாள் ஐந்து பேருக்குப் போதவில்லை, எட்டு எடுக்க."